மர்ரே ஆற்றங்கரைப் பயணம்: ஜெயநகர் அலுவலகம் ஒன்று வகுத்துத் தந்த திட்டம் எப்படி இருந்தது?

கம்பம் பள்ளத்தாக்கில் நாற்பது ஆண்டுகள் திராட்சை வைத்த என் அப்பாவை, ஆற்றுநீரை நம்பித் திராட்சை வளர்க்கும் வேறொரு நாட்டைப் பார்க்க அழைத்துச் செல்ல வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. கடந்த மார்ச் மாதம் அது நிறைவேறியது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் காரை எடுத்து, மர்ரே ஆற்றை எச்சூக்காவில் தொட்டு, நீரோட்டத்தின் திசையிலேயே சுவான் ஹில், மில்டுரா, ரென்மார்க் என்று இறங்கி, ஒயினுக்குப் பெயர்பெற்ற பரோசா பள்ளத்தாக்கு வழியாக அடிலெய்டில் முடித்தோம். அப்பா, நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் என நால்வர், எட்டு இரவுகள், ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். இந்தப் பயணத்தை வகுத்துக் கொடுத்தது பெங்களூரு ஜெயநகரில் உள்ள ஒரு சிறு பயண நிறுவனம். அதன் பெயரைத் தவிர்க்கிறேன். அவர்கள் எதைச் சிறப்பாகச் செய்தார்கள், எதைக் கோட்டை விட்டார்கள் என்பது, இதே வழியில் போக எண்ணும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

திட்டம் வகுக்கவும் தங்குமிடங்களையும் காரையும் பதிவு செய்யவும் நால்வருக்கும் சேர்த்து 22,000 ரூபாய் கட்டணம் வாங்கினார்கள். விடுதி, கார் வாடகை தனி. முதல் சந்திப்பில் எங்களோடு அமர்ந்து பேசியவர் ஓசூரைச் சேர்ந்த ஓர் இளைஞர். எதையும் விற்கும் அவசரமின்றி, "ஐயாவுக்கு எத்தனை மணி நேரம் தொடர்ந்து காரில் உட்கார முடியும் சார்?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று தோன்றியது. மெல்பர்னிலிருந்து ஒரே மூச்சில் 540 கிலோமீட்டர் ஓட்டி மில்டுராவுக்குப் போகும் முதல் வரைவை, அப்பாவின் முதுகுவலியைக் கேட்டதும் அவரே கிழித்துவிட்டு, ஆற்றோரமாக மூன்று துண்டுகளாகப் பிரித்துத் தந்தார். பெங்களூருவில் இருபது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் செலவழித்துப் பழகிய நமக்கு, மணிக்கு 100, 110 என்று வேக வரம்புள்ள நேர்ச்சாலையில் 200 கிலோமீட்டர் என்பது எளிதாகத் தெரியும். ஆனால் வளைவே இல்லாத அந்தச் சாலைகளில் கண் அயர்வதுதான் பெரிய ஆபத்து. சாலை இடப்பக்கம் என்பதும், கர்நாடகத்தின் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்திலேயே இருப்பதும் நமக்கு வசதி. விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் கங்காருக்கள் குறுக்கே பாயும் என்பதால், இருட்டுவதற்கு முன் ஊர் சேரும்படி ஒவ்வொரு நாளையும் அவர் அமைத்திருந்தார். இவையெல்லாம் கூகுள் வரைபடம் சொல்லித் தராதவை.

எச்சூக்கா ஏற்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. 1864இல் மெல்பர்னிலிருந்து ரயில்பாதை வந்த பிறகு, ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய உள்நாட்டு ஆற்றுத் துறைமுகமாக வளர்ந்த ஊர் அது. 'ரெட் கம்' எனப்படும் ஒருவகை யூகலிப்டஸ் மரத்தால் கட்டிய அதன் படகுத்துறை அடுக்கடுக்காக எழுந்து நிற்பதற்குக் காரணம், ஆற்றின் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் அவ்வளவு ஏறி இறங்கும் என்பதே. 1866இல் கட்டப்பட்ட 'அடிலெய்டு' என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலை இன்றும் ஓடும் நிலையில் அங்கே பராமரித்து வருகிறார்கள். நாங்கள் வேறொரு பழைய கப்பலில் ஒரு மணி நேரம் சென்றோம். கொதிகலனுக்கு அருகில் நிற்க இடம் கிடைக்கும் வகையில் காலையின் முதல் சவாரியையே பதிவு செய்திருந்தார்கள். இரும்புக் கதவைத் திறந்து ஒருவர் முழங்கால் உயர மரக்கட்டையை உள்ளே தள்ளியபோது முகத்தில் அடித்த அனலும், சக்கரம் நீரை அறையும் ஓசை தரைப்பலகை வழியாகப் பாதத்தில் அதிர்ந்ததும் எனக்கு இன்னும் நினைவில் உள்ளன.

சுவான் ஹில் இரவு வழியில் தங்கிச் செல்வதற்கு மட்டுமே.

குறைகள் மில்டுராவில் தொடங்கின. அந்த ஊருக்கு ஒரே ஓர் இரவை ஒதுக்கியது இத்திட்டத்தின் மிகப் பெரிய பிழை. கனடாவில் பிறந்து கலிபோர்னியாவில் பாசனக் குடியிருப்புகளை அமைத்த சாஃபி சகோதரர்கள், 1887இல் மர்ரேயிலிருந்து நீரை இறைத்து வறண்ட மண்ணில் உருவாக்கிய ஊர் மில்டுரா. ரென்மார்க்கும் அவர்கள் கைவண்ணமே. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் வாழ்ந்த விவசாயி ஒருவருக்கு இந்தக் கதையை விளக்கவே தேவையில்லை. சாலையோரத் தோட்டம் ஒன்றின் வேலிக்கு வெளியே நின்று, கொடியின் அடித்தண்டையும் சொட்டுநீர்க் குழாயையும் அப்பா அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் தலைக்கு மேல் பந்தல் போட்டு, கவாத்து செய்து, ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கிறோம். அங்கே குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடுவதால் ஆண்டுக்கு ஒரே மகசூல்தான். கம்பிமேல் இடுப்புயரத்தில் படரவிட்ட வரிசைகளின் நடுவே இயந்திரம் செல்ல இடம் விட்டிருப்பதைக் காட்டி, "ஆள் கிடைக்காத ஊருக்கு இதுதான் தோது" என்றார்.

அன்று மாலை பதினோராம் எண் மதகுக்குப் போனோம். மர்ரேயின் குறுக்கே வரிசையாகத் தடுப்பணைகளும், படகுகள் கடக்க அவற்றின் பக்கத்திலேயே 'லாக்' எனப்படும் மதகு அறைகளும் உள்ளன. முதலாவது பிளான்ச்டவுனில் 1922இல் திறக்கப்பட்டது. மேலிருந்து வந்த படகுவீடு ஒன்று அறைக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடியது. நீர் மெல்ல வடிய, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் அந்த வீடே கீழிறங்கி, முன்கதவு திறந்ததும் சத்தமின்றி வெளியேறியது. அப்பா அடுத்த படகுக்காகக் காத்திருக்க விரும்பினார். மறுநாள் காலை பெட்டி கட்ட வேண்டியிருந்ததால் கிளம்ப நேர்ந்தது. அந்த அவசரம் எனக்கு இன்றும் வருத்தமே.

இதே மில்டுராவில் திட்டம் சொன்ன இன்னொன்று, "காலை மங்கோ தேசியப் பூங்கா, மாலை ரென்மார்க்". மங்கோ சாதாரண இடமன்று. 1968இலும் 1974இலும் அங்கே வெளிப்பட்ட மனித எச்சங்கள் ஏறத்தாழ 42,000 ஆண்டுப் பழமையானவை. அது அடங்கிய வில்லாண்ட்ரா ஏரிப் பகுதி 1981 முதல் உலகப் பாரம்பரியக் களம். அங்கு போய்வரவே 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பூங்காவுக்குள் சுற்றிவரும் பாதை மண்பாதை. எங்கள் வாடகைக் கார் ஒப்பந்தமோ தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று தெளிவாகச் சொல்லியது. காரைப் பதிவு செய்தவர்களே அந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் திட்டத்தில் எழுதிவிட்டார்கள். மில்டுராவிலிருந்து வழிகாட்டியுடன் செல்லும் ஒருநாள் பயணங்கள் உள்ளன. இரண்டாம் இரவு இருந்திருந்தால் அதில் போயிருப்போம்.

மூன்றாவது குறையை மன்னிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மில்டுராவை விட்டுக் கிளம்பும்போது சாலையோரக் கடையில் அப்பா தானே பார்த்துத் தேர்ந்தெடுத்து இரண்டு கிலோ விதையில்லாத் திராட்சை வாங்கினார். ஒவ்வொரு குலையையும் தூக்கி, காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வைத்தார். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் யாம்பா சோதனைச் சாவடியில் எல்லா வண்டிகளையும் நிறுத்துகிறார்கள். பழ ஈ அந்த மாநிலத்துத் தோட்டங்களுக்குள் நுழையாமல் தடுக்க, பழமோ காய்கறியோ எதுவும் உள்ளே போகக் கூடாது. சொல்லாமல் வைத்திருந்தால் அபராதம். பெட்டியோடு திராட்சையைத் தொட்டியில் போட வேண்டியதாயிற்று. வாழ்நாளெல்லாம் திராட்சை விளைவித்தவர் தம் கையாலேயே அதைக் கொட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். காரில் ஏறியதும், "நமக்கும் இப்படி ஒரு கேட்டு இருந்திருந்தா எத்தனை தோட்டம் தப்பிச்சிருக்கும் தம்பி" என்றார். அவருடைய பெருந்தன்மை வேறு. நிறுவனத்தின் கடமை வேறு. மேற்கு நோக்கி இந்த வழியில் போகும் எவருக்கும் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டிய செய்தி இது. எல்லையில் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால் போகும் என்பதும் எழுதப்படவில்லை. எங்களுக்கு அது சாதகமாக அமைந்தது. எதிர்த்திசையில் வருபவர்கள் முன்பதிவு ஒன்றைத் தவறவிடக் கூடும். பிற்பகல் முழுவதும் சூரியன் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல கறுப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

ரென்மார்க்கைக் கடந்ததும் வைக்கரியில், வடத்தைப் பற்றி ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரியில் காரோடு அக்கரை போய் இக்கரைக்கே திரும்பினோம். தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரேயைக் கடக்கும் இந்த ஃபெர்ரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன, கட்டணம் கிடையாது. இதுவும் திட்டத்தில் இல்லை. விடுதிக்காரப் பெண்மணி சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் தந்த கையேட்டில் ஒயின் ஆலைகளைப் பற்றி ஆறு பக்கம், ஆற்றைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. 2,508 கிலோமீட்டர் ஓடும் ஆறு. அதன் படுகையின் நீரை நான்கு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அடிலெய்டு நகரமே அதன் நீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிறது. காவிரி நீர் குழாயில் வந்து சேரும் பெங்களூருவில் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு இதை எழுத ஒரு பக்கம் கிடைத்திருக்கக் கூடாதா?

பரோசாவில் அவர்கள் தங்கள் தொழிலை அறிந்தவர்கள் என்று நிரூபித்தார்கள். 1840களில் வந்து குடியேறிய ஜெர்மானிய லூத்தரன் குடும்பங்கள் உருவாக்கிய பகுதி அது. 'செல்லர் டோர்' என்று அழைக்கப்படும் ஒயின் சுவைக்கூடங்கள் பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குள் அடைத்துவிடும். சிறியவை வாரத்தில் சில நாள் திறப்பதே இல்லை. நாளுக்கு இரண்டு இடங்கள் மட்டும், இரண்டும் நேரம் உறுதிசெய்யப்பட்டவை என்று அளவாக அமைத்திருந்தார்கள். இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டை எட்டினாலே குற்றம் என்பதால், நான் குடிக்காமல் ஓட்டுவதாக முதலிலேயே சொல்லியிருந்தேன். ஆனாலும் ஒரு நாளுக்கு மட்டும் ஓட்டுநருடன் வண்டி ஏற்பாடு செய்தார்கள். சைவ உணவுக்காகச் சமையலறை உள்ள குடியிருப்பைப் பிடித்துத் தந்ததும் நல்ல யோசனை. சிற்றூர்களில் இரவு எட்டு, எட்டரைக்குள் உணவகச் சமையலறைகளை மூடிவிடுகிறார்கள். அதற்குப்பின் கிடைப்பது உருளைக்கிழங்கு வறுவல்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 1851இல் தொடங்கிய செப்பெல்ட்ஸ்ஃபீல்டில் அவர்கள் செய்திருந்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். 1878 முதல் ஆண்டுதோறும் ஒரு பீப்பாய் இனிப்பு ஒயினை அங்கே சேமித்து வருவதால், வருகிறவர் தாம் பிறந்த ஆண்டின் ஒயினைச் சுவைக்கலாம். அப்பா பிறந்தது 1952. எங்களிடம் சொல்லாமலே அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிவு செய்திருந்தார் அந்த ஓசூர்த் தம்பி. பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயால் எடுத்து ஊற்றிய சிறு துளி, கருப்பட்டிப் பாகின் நிறத்தில், கோப்பையைச் சாய்த்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. மதுப் பழக்கமே இல்லாத அப்பா நாக்கில் தொட்டுப் பார்த்து, "உலர்ந்த திராட்சை வாசம்" என்றார்; பிறகு கோப்பையைக் கீழே வைக்காமல் முகர்ந்துகொண்டே நின்றார்.

திரும்பி வந்ததும் குறைகளை எழுதி அனுப்பினேன். மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, கட்டணத்தில் 5,000 ரூபாயைத் திருப்பித் தந்ததோடு, யாம்பா சாவடியையும் மண்சாலை விதியையும் தங்கள் கையேட்டின் தொடக்கத்தில் சேர்த்திருப்பதாகப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். தங்குமிடப் பதிவுக்கும் பெரியவர்களைக் கவனிப்பதற்கும் அவர்களை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரவுகளைப் பிரிப்பதை மட்டும் அவர்களிடம் விட்டுவிட மாட்டேன். அக்டோபரில் என் தங்கை குடும்பம் இதே வழியில் போகிறது. அதே அலுவலகத்தில்தான் பதிவு செய்திருக்கிறாள். பரோசாவில் ஓர் இரவைக் குறைத்து, மில்டுராவில் மூன்று இரவுகள் கேட்டு வாங்கியிருக்கிறாள்.