வெப்சைட்டில் வீடியோ ஓடவில்லையா? வடசேரி மாடிக்கடைக்குப் போங்கள்

வெப்சைட்டில் வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெட்டிதான் தெரிகிறது என்று யார் சொன்னாலும் இப்போது நான் இந்தக் கடையைத்தான் சொல்கிறேன். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம், மாடியில் சின்ன அறை, அண்ணன் தம்பி இரண்டு பேர். போர்டில் லேப்டாப் சர்வீஸ் என்று மட்டும்தான் எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வெப்சைட் வேலையும் செய்கிறார்கள், அதிலும் கெட்டுப்போனதைச் சரிசெய்வதுதான் இவர்களுக்கு நன்றாகக் கைவருகிறது.

எங்களுடையது கோயில் நகை செய்கிற குடும்பம். பரதநாட்டியத்துக்குப் போடும் நெற்றிச்சுட்டி, சூரியன் சந்திரன், ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம், எல்லாம் கெம்புக்கல் பதித்தது. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். எங்களிடம் வாங்குகிறவர்களில் நிறைய பேர் வெளியூர், வெளிநாடு. அவர்கள் கடைக்கு வந்து கையில் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. கெம்பின் சிவப்பு போட்டோவில் ஒரு மாதிரி இருக்கும், வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினால்தான் அதன் நிறம் தெரியும். ராக்கொடியைப் பின்னந்தலையில் எவ்வளவு உயரத்தில் வைப்பது, ஒட்டியாணத்தை எப்படிப் பூட்டினால் ஆடும்போது இறங்காது, இதெல்லாம் எழுதிப் புரியவைக்கிற விஷயமில்லை. அதனால் தளத்தில் ஒவ்வொரு நகைக்கும் ஒரு வீடியோ வைத்திருக்கிறோம். அது ஓடாவிட்டால் ஆர்டர் அப்படியே நின்றுபோகும். அரங்கேற்றத்துக்குத் தேதி குறித்துவிட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் ராத்திரியில் போன் போட்டு, “அக்கா, வீடியோவே வரலையே” என்பார்கள்.

வேறு இரண்டு இடத்தில் காட்டிவிட்டுத்தான் இங்கே வந்தோம். ஓரிடத்தில் உலாவி சேமித்து வைத்திருக்கிற பழைய பக்கங்களை, அதாவது கேச்சை, அழித்துப் பாருங்கள் என்றதோடு சரி. இன்னொரு இடத்தில் தளமே பழசு, முழுசாக மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். எந்த வீடியோ ஓடவில்லை, யாருக்கு ஓடவில்லை, பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கே முதல் கேள்வியே அதுதான். “அக்கா, பெட்டிக்குள்ள ஒரு நம்பர் தெரியுது பாருங்க, அதை வாசிங்க” என்றார் தம்பி. 153 என்று இருந்தது. யூடியூப் வீடியோவை நம் தளத்துக்குள் பதித்து வைத்திருந்தால் இந்த எண் வரலாம். 2025 பின்பாதியில் இது பல தளங்களில் வந்திருக்கிறது. வீடியோவில் ஒரு கோளாறும் கிடையாது, யூடியூபில் நேராகத் திறந்தால் அழகாக ஓடும், நம் தளத்தில் மட்டும்தான் ஓடாது. அவர் க்ரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றி, யூடியூபுக்குப் போன கோரிக்கையைத் தொட்டுக் காட்டினார். உலாவி இன்னொரு தளத்திடம் எதையாவது கேட்கும்போது, எந்தத் தளத்திலிருந்து கேட்கிறேன் என்று ரெஃபரர் என்ற வரியையும் சேர்த்து அனுப்புமாம். எங்கள் தளத்திலிருந்து போனதில் அந்த வரியே இல்லை. தன் பிளேயர் எந்தத் தளத்தில் ஓடுகிறது என்று யூடியூபுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் 153.

அந்த வரி ஏன் போகவில்லை என்று தேடியதில் காரணமும் கிடைத்தது. பாதுகாப்புக்காகத் தளத்தில் கூடுதலாகச் சேர்த்திருந்த பிளகின் என்ற சின்ன மென்பொருள், ரெஃபரர் பாலிசி என்ற செட்டிங்கை ‘நோ-ரெஃபரர்’, அதாவது அந்த வரியை அனுப்பவே வேண்டாம், என்று வைத்திருந்தது. அதை ‘ஸ்ட்ரிக்ட்-ஆரிஜின்-வென்-கிராஸ்-ஆரிஜின்’ என்று மாற்றினார். பெயர்தான் இவ்வளவு நீளம், செய்வது சின்ன வேலை. வெளித்தளத்துக்குப் போகும்போது எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாமல் தளத்தின் பெயரை மட்டும் சொல்லும். பாதுகாப்பும் கெடாது, யூடியூபுக்கும் வேண்டியது கிடைத்துவிடும். இப்போது யூடியூப் தருகிற பதிக்கும் கோடிலேயே, அதாவது தளத்தில் ஒட்டுகிற நிரல் வரிகளிலேயே, இந்த செட்டிங் சேர்ந்துதான் வருகிறது, எங்களுடையது அதற்கு முந்தைய கோடு. மாற்றி முடித்துப் பக்கத்தை ஏற்றினதும் பெட்டியில் ஜடைநாகம் வந்து நின்றது. அது வரைக்கும் நாங்கள் பேசியவர்களில் ஒருத்தர்கூட அந்த நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்ததில்லை.

அதோடு முடிந்தது என்று எழுந்தேன். “இருங்கக்கா, மத்ததையும் பாத்துடலாம்” என்று உட்கார வைத்துவிட்டார். நல்லவேளை பார்த்தார், தளத்தில் ஓடாமல் இருந்த மற்ற வீடியோக்களுக்குக் காரணம் வேறு வேறாக இருந்தது.

யூடியூபில் போடாமல் எங்கள் சர்வரிலேயே நேராக ஏற்றிய வீடியோக்கள் சில உண்டு, பட்டறையில் கல் பதிக்கும்போது ஐபோனில் எடுத்தவை. இவை சிலருக்கு ஓடும், சிலருக்குச் சத்தம் மட்டும் வரும், படம் வராது. ஐபோன் இயல்பாகவே எச்இவிசி என்ற முறையில்தான் வீடியோவைச் சேமிக்கிறது, 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து அப்படி. இடம் குறைவாகப் பிடிக்கும், நல்ல முறைதான், ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரும் எல்லா ஆண்ட்ராய்டு போனும் அதை உலாவிக்குள் விரித்துக் காட்டிவிடாது. தளத்துக்கு என்றால் எச்.264 படம், ஏஏசி ஒலி, எம்பி4 கோப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் கிட்டத்தட்ட எதிலும் ஓடும். அண்ணன்காரர் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒன்றை மாற்றிக் காட்டினார், மீதியை வீட்டில் நாங்களே மாற்றிக்கொண்டோம். இனிமேல் எடுப்பதற்கு, போனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று வைத்துவிடச் சொன்னார்.

அந்த ஹேண்ட்பிரேக்கில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்று ஒரு டிக் இருக்கிறது, அதைக் கட்டாயம் போடச் சொன்னார். எம்பி4 கோப்புக்குள் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்கிற ஒரு குறிப்பு உண்டு. பல கேமராக்களும் போன்களும் அதைக் கோப்பின் கடைசியில் எழுதுகின்றன, புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சடித்த மாதிரி. பிளேயர் அந்தக் குறிப்பைத் தேடிப் பிடித்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும், சர்வரும் சரியாக ஒத்துழைக்கவில்லை என்றால் முழுக் கோப்பும் இறங்கி முடிகிற வரைக்கும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டிக் போட்டால் குறிப்பு கோப்பின் முன்னால் வந்துவிடும். இதோடு எங்கள் சர்வர் கோப்பைத் துண்டு துண்டாகத் தருகிறதா என்றும் பார்த்தார். பதிலில் 206 என்று வந்தால் தருகிறது என்று அர்த்தம். ஐபோனின் சஃபாரி துண்டாகத்தான் கேட்கும், சர்வர் அப்படித் தராவிட்டால் வீடியோவை ஓட்டாது. எங்களுக்கு 206 வந்தது.

முதல் பக்கத்தில் தானாக ஓட வேண்டிய வீடியோ ஓடாதது சின்ன விஷயம். சத்தத்தோடு தானாக ஓடுவதை க்ரோம் 2018-இலிருந்தே தடுக்கிறது. கோடில் சத்தமில்லாமல் ஓட ‘மியூட்டட்’ என்றும், ஐபோனில் முழுத்திரைக்குத் தாவாமல் இருக்க ‘ப்ளேஸ்இன்லைன்’ என்றும் சேர்த்ததும் ஓடியது.

இவர்கள் மேல் எனக்கு மதிப்பு வந்தது அதற்கப்புறம் நடந்ததில்தான். எங்கள் நகையைப் போட்டு ஆடிய ஒரு பெண்ணின் அரங்கேற்ற வீடியோவையும் தளத்தில் வைத்திருந்தோம். அது அந்த வீடியோகிராபரின் சேனலில் இருப்பது. எங்கள் தளத்தில் ஓடவில்லை, யூடியூபில் போய்ப் பாருங்கள் என்று வந்தது. முன்பு காட்டிய ஓரிடத்தில், அதை டவுன்லோடு செய்து உங்கள் சேனலில் ஏற்றிவிடலாம் என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தார்கள். இவர்கள் அதைத் தொடவே இல்லை. “வெளித்தளத்துல ஓடக்கூடாதுன்னு அவரு செட்டிங் வச்சிருக்காரு அக்கா. அது அவரு வீடியோ, அவருட்டயே கேளுங்க. யூடியூப் ஸ்டூடியோல எம்பெடிங்கை அனுமதிக்கிற டிக்கைப் போட்டா போதும்” என்றார் தம்பி. கேட்டோம், அவர் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தார். இதற்கு இவர்கள் காசே வாங்கவில்லை. அடுத்தவர் உழைப்பைத் தூக்கி நம் பக்கத்தில் போட்டுக்கொள்வதை இவ்வளவு தெளிவாக வேண்டாம் என்று சொல்கிற கடை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நாங்களும் கையால் செய்து விற்கிறவர்கள்தான், எங்கள் டிசைன் படத்தை எடுத்துத் தன்னுடையது என்று போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம்.

மொத்தம் 2,500 ரூபாய் ஆனது. சரியான பிறகு கொடுத்தால் போதும் என்றார்கள். ஒரே பக்கத்தில் இருந்த பல யூடியூப் பிளேயர்களுக்குப் பதிலாக முதலில் படம் மட்டும் தெரிந்து, தொட்டால் பிளேயர் வருகிற மாதிரி மாற்றியதும் இதில் அடக்கம். ஒவ்வொரு பிளேயரும் ஏறும்போதே நிறைய டேட்டாவை இழுத்துக்கொள்கிறது, அதைக் குறைத்தபின் பக்கம் போனில் சட்டென்று திறக்கிறது.

குறையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தளத்தின் அட்மின் பாஸ்வேர்டை வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார்கள். இது கூடாது. அவர்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள், வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். நான் அப்படிச் செய்கிறேன் என்றதும் மறுபேச்சு பேசாமல் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் அதை அவர்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும். என்னென்ன மாற்றினோம் என்று எழுதித் தருகிற பழக்கமும் இல்லை. நான் கேட்டு வாங்கினேன், நீங்களும் கேளுங்கள், நாளைக்குப் பிளகினை அப்டேட் செய்யும்போது பழைய செட்டிங் திரும்பி வந்தால் அந்தத் தாள்தான் உதவும். மதியம் போனை எடுக்க மாட்டார்கள். மாடிப்படி செங்குத்து, வயதானவர்களுக்குக் கஷ்டம்.

போவதற்கு முன்னால் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துக்கொண்டு போனால் அவர்களுக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம். பக்கத்தை க்ரோமில் இன்காக்னிட்டோ என்கிற தனி ஜன்னலில் திறந்து பாருங்கள், அங்கே ஓடினால் பெரும்பாலும் உங்கள் உலாவியில் இருக்கிற விளம்பரத் தடுப்பானோ வேறு எக்ஸ்டென்ஷனோதான் காரணம். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒருமுறை பாருங்கள். பெட்டியில் எண் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், 100 என்றால் வீடியோ நீக்கப்பட்டிருக்கும் அல்லது பிரைவேட்டாக இருக்கும், 101 அல்லது 150 என்றால் உரிமையாளர் வெளித்தளத்தில் ஓட அனுமதிக்கவில்லை, 153 என்றால் மேலே சொன்ன கதை. எண் எதுவும் இல்லாமல் ‘இணைக்க மறுத்துவிட்டது’ என்ற மாதிரி வந்தால், உலாவியின் மேலே இருக்கிற சாதாரண யூடியூப் முகவரியை அப்படியே ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பதிப்பதற்கு ஷேர் பட்டனில் எம்பெட் என்று வருகிற கோடுதான் வேண்டும். ஓடவில்லை என்று சொன்ன வாடிக்கையாளரிடம் என்ன போன், எந்த உலாவி என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் விஷயத்தில் ஐபோன் வீடியோவின் கோளாறு பிடிபட்டது அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

புதிதாகத் தளம் கட்ட வேண்டும், டிசைன் அழகாக வேண்டும் என்றால் இங்கே போகாதீர்கள், அது இவர்களுடைய வேலை இல்லை, அவர்களே அப்படித்தான் சொல்வார்கள். திருவிழா நேரடி ஒளிபரப்பு மாதிரி வேலையும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், பஸ்ஸிலோ பைக்கிலோ போங்கள், லேப்டாப்போடு சார்ஜரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.