மரப் பல்லாங்குழியா, பித்தளைப் பல்லாங்குழியா?

என்னிடம் பழைய பல்லாங்குழி 11 இருக்கின்றன. 8 மரம், 3 பித்தளை. இந்தக் கணக்கைக் கேட்டதுமே நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும். ஆனாலும் பழைய விளையாட்டுப் பொருள் சேர்க்கப் புதிதாக இறங்குகிறவர்கள், ‘முதலில் எதை வாங்கலாம்?’ என்று கேட்டால் நான் சட்டென்று மரம் என்று சொல்லிவிடுவதில்லை. ஏன் என்றுதான் எழுதப் பார்க்கிறேன்.

பல்லாங்குழி என்றால் பக்கத்துக்கு ஏழாக 14 குழி. குழிக்கு 5 என்றால் 70 காய், 6 என்றால் 84. பெரும்பாலும் புளியங்கொட்டை, இல்லாவிட்டால் சோழி, மஞ்சாடி, குன்றிமணி, கழற்சிக்காய். இதெல்லாம் உங்களுக்கே தெரிந்ததுதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய பல்லாங்குழிக் கட்டையோடு சிவப்பும் கறுப்புமான குன்றிமணி வந்தால் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். உடைந்தோ கடிபட்டோ உள்ளே போனால் கடும் நஞ்சு.

பார்வைக்கு எது என்று கேட்டால் பித்தளைதான், சந்தேகமே வேண்டாம். செட்டிநாட்டுப் பக்கம் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பிய மீன் வடிவப் பலகையைக் கூடத்தில் ஒரு முக்காலி மேல் வைத்தால் வருகிறவர் கண் நேராக அங்கேதான் போகும். நடுவில் கீல், மடித்தால் காய்கள் உள்ளேயே தங்கும். மரத்திலும் மீன் வடிவம் உண்டு, மடிக்கிற பெட்டி உண்டு, ஆனால் அந்தப் பளபளப்பு வராது. சத்தத்தில் மரம் ஜெயிக்கும். பித்தளையில் சோழி விழும் சத்தம் மதியத் தூக்கத்துக்குப் பகை. விலையைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை, கடைக்குக் கடை மாறுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினால் உங்களுக்கே ஒரு கணக்கு பிடிபட்டுவிடும். அங்கே மரக்கட்டைகள் பெரும்பாலும் மூலையில் தூசியோடு கிடக்கும், பித்தளை வாசலிலேயே தொங்கும். இதிலிருந்தே எது சீக்கிரம் போகிறது என்று தெரிகிறது.

சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளை, கைவினைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்குப் பாட்டியின் கட்டையை அனுப்பவேண்டும் என்றால், அது அவ்வளவு பழையதல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்புவது நல்லது. யானைத் தந்தம் பதித்த பலகையோ தந்தத்தில் செய்த தாயக்கட்டையோ யாராவது காட்டினால் தொடவே வேண்டாம். எத்தனை பழையதானாலும் அதை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

அப்புறம் போலி. பித்தளையில்தான் இது பெரிய தலைவலி. புது வார்ப்பைப் புளி, அமிலம் என்று ஏதாவது பூசிக் கறுக்கவைத்து ‘ஆச்சி வீட்டுச் சாமான்’ என்று விற்றுவிடலாம். நான் வாங்கிய முதல் பித்தளைப் பலகையே அப்படித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது அடியில் மெஷின் பாலிஷ் போட்ட வட்டக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. விளையாடித் தேய்ந்த குழியில் தேய்மானம் ஒரே சீராக இருக்காது. ஆடுகிறவர் விரல் விட்டு அள்ளுகிற பக்கத்து விளிம்புதான் மழுங்கியிருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு வாங்கிய மற்ற இரண்டும் உண்மையானவை என்றே நம்புகிறேன். மூன்று பலகை வாங்கியவனின் பேச்சு இது, அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

பித்தளைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு, அது நம் வீட்டிலிருந்தே வருவது. பண்டிகைக்குப் பண்டிகை புளி போட்டுத் தேய்ப்பது நம் பழக்கம். ஒரு பொங்கலுக்கு அத்தை வந்திருந்தபோது, ‘என்னடா இப்படிக் கறுத்துக் கிடக்குது’ என்று என் இரண்டாவது பலகையைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டார்கள். தங்கம் போல மின்னியது. மீனின் செதில் கோடுகளுக்குள் படிந்திருந்த கறுப்பு முழுக்கப் போயிருந்தது. அத்தையை என்ன சொல்வது? அந்தப் பலகை அதற்கு முன் எத்தனை பொங்கலுக்கு அப்படித் தேய்பட்டதோ! மீனின் கண் ஏற்கெனவே பாதி அழிந்துதான் இருந்தது.

மரத்தைப் புளி போட்டு யாரும் தேய்ப்பதில்லை. அதனால் கையின் தடம் அப்படியே நிற்கிறது. என்னிடம் பலாக்கட்டை ஒன்று உண்டு. வெட்டியபோது மஞ்சளாக இருந்திருக்கும், இப்போது தேன் காய்ச்சிய நிறம். குழிகளை உளியால் குடைந்திருக்கிறார்கள், அதனால் எந்த இரண்டு குழியும் ஒரே ஆழம் இல்லை. உள்ளே விரலை விட்டால் உளி போன தடம் திட்டுத்திட்டாகத் தட்டுப்படும், விளிம்புக்கு வர வர அது மறைந்து வழவழப்பாகிவிடும். ஒரு பக்கத்து ஏழு குழிகள் எதிர்ப்பக்கத்தைவிட அதிகம் தேய்ந்திருக்கின்றன. யாரோ ஒருவர் எப்போதும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஆடியிருக்க வேண்டும். கட்டையின் அடியில் யாரோ ஆணியால் கீறிய கோடுகள், நான்கு நான்காக. ஆட்டக் கணக்கா, பால் கணக்கா, தெரியாது. பித்தளையில் இப்படி ஒன்று என் கைக்கு இதுவரை வரவில்லை.

இதற்காகத்தான் நான் மரத்தின் பக்கம். ஆனால் முதலில் வாங்குகிறவரிடம் அதைச் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பராமரிப்பு.

நான் இருப்பது திருவான்மியூர். கடல் காற்று, வருடம் பூராவும் ஈரப்பதம். பித்தளைக்கு இந்தக் காற்று ஆகாது, பச்சையாகக் களிம்பு ஏறும். உலர்ந்த துணியால் துடைத்து, வெறுங்கையால் அடிக்கடி தொடாமல், ஈரமில்லாத அலமாரியில் வைத்தால் போதும். ஆறு மாதம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் பலகை பலகையாக இருக்கும். மரத்தை ஆறு மாதம் பார்க்காமல் விட்டால் திரும்பி வரும்போது மாவுதான் இருக்கும். மிகைப்படுத்தவில்லை, எனக்கே நடந்தது.

நான்காவதாக வாங்கிய கட்டையைத் துடைத்து, மற்ற மூன்றோடு ஒரே அலமாரியில் அடுக்கினேன். அடுத்த மழைக்காலம் முடிந்து திறந்தபோது தட்டில் சின்னச் சின்னக் குவியலாக, முகப் பவுடர் போல நைசான மாவு. கட்டையைத் திருப்பினால் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், எண்ணினேன், 40க்கு மேல். விரலால் அழுத்தியதும் ஒரு மூலை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. உளு, அதாவது மரத்தைக் குடையும் பூச்சி, பிடித்த கட்டையை வாங்கிவந்து மற்றவற்றின் தலைமாட்டில் வைத்தது நான்தான். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்துக் கட்டை ஒன்றிலும் ஓட்டை விழுந்திருந்தது.

பதறிப்போய் அடுத்த தவறையும் செய்தேன். யாரோ சொன்னார்கள் என்று வேப்பெண்ணெயை வாங்கி இரண்டு கட்டைக்கும் தாராளமாகப் பூசினேன். மேலே பூசிய எண்ணெய் உள்ளே குடைந்துகொண்டிருக்கும் புழுவுக்குப் போய்ச் சேராது. அது காயவும் காயாது. கட்டை பிசுபிசுவென்று ஆகி, தூசியெல்லாம் ஒட்டி, குழிகளுக்குள் கறுப்பாக ஒரு பூச்சு. உளித் தடமும் தேய்மானமும் எதற்காக மரம் என்று சொன்னேனோ அதுவே மறைந்துவிட்டது. கற்பூரம், காய்ந்த வேப்பிலை, அந்துருண்டை எல்லாம் இதே கதைதான். வெளியிலிருந்து வருவதைக் கொஞ்சம் விரட்டலாம், உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. வெயிலில் போட்டாலோ கட்டை வெடிக்கும்.

பிறகுதான் அருங்காட்சியகங்களில் செய்கிற வழியைத் தெரிந்துகொண்டேன். குளிரில் கொல்வது. கட்டையைக் கனமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளியேற்றி, டேப் ஒட்டி ஃப்ரீசரில் வைக்கவேண்டும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிதான் போகும், அதனால் இரண்டு வாரம் விடுகிறேன். எடுத்த பிறகு கவரை உடனே பிரிக்கக்கூடாது. ஒரு முழு நாள் அப்படியே வெளியில் இருக்கவேண்டும். அப்போது வியர்க்கிற ஈரம் கவருக்கு வெளியே நிற்கும், மரத்தில் படியாது. அரக்குப் பூச்சோ வண்ணமோ சிப்பிப் பதிப்போ உள்ள கட்டைக்கு இதைச் செய்யாதீர்கள், பூச்சு விரிசல் விடும்.

வீட்டில் இதற்கு அனுமதி வாங்குவது தனிக் கதை. “ஏங்க, மீன் வைக்கிற இடத்துல கட்டையைக் கொண்டுவந்து வைக்கிறீங்களே” என்றாள் மனைவி. கவரைத் திருப்பிக் காட்டி, “இதுவும் மீன்தானே” என்றேன். மீன் வடிவக் கட்டையாக இருந்ததால் அன்று தப்பித்தேன். மற்ற கட்டைகளுக்கு அந்தப் பதில் செல்லாது.

குளிர் வைத்தியம் ஒருமுறை செய்தால் தீர்ந்தது என்றும் இல்லை. அது உள்ளே இருப்பதைக் கொல்லும், மறுபடி வராமல் தடுக்காது. அதனால் புதிதாக வரும் எந்தக் கட்டையும் நேராக அலமாரிக்குப் போவதில்லை. முதலில் கறுப்புத் தாள் மேல் ஒரு மாதம், தனி அறையில். இரண்டு நாளைக்கு ஒருமுறை கட்டையை லேசாகத் தட்டிப் பார்ப்பேன். தாளில் வெள்ளை மாவு விழுந்தால் உளு. கசகசா போல உருண்டை உருண்டையாக விழுந்தால் அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான், இன்னும் மோசம். ஒன்றும் விழாவிட்டாலும் ஓட்டைகளைப் பார்க்கவேண்டும். பழைய ஓட்டையின் உட்புறம் கட்டையின் நிறத்துக்கே கறுத்திருக்கும். புது ஓட்டை உள்ளே வெளேரென்று இருக்கும். அலமாரிக்குப் போன பிறகும் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, மற்ற நாளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கித் தட்டிப் பார்க்கிறேன். 8 கட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக இருக்கும்.

இந்தத் தொல்லையைப் பாதியாகக் குறைக்க வாங்கும்போதே ஒரு வழி உண்டு. தச்சர்கள் வைரம் பாய்ந்த கட்டை என்பார்களே, அதைப் பார்த்து எடுப்பது. தேக்கானாலும் ஈட்டி மரமானாலும் பலாவானாலும், நடுமரத்தை உளு அவ்வளவாகத் தொடாது. வெளிப்பக்கத்து வெளிறிய மரத்தில்தான் அதற்குச் சாப்பாடு இருக்கிறது. கட்டையின் இரண்டு முனைகளையும் திருப்பிப் பாருங்கள். ஓர் ஓரம் மட்டும் வெளுப்பாக இருந்தால் பிரச்சினை அங்கேதான் தொடங்கும். நான் இழந்த கட்டை தேக்குதான், ‘தேக்குக்கு ஒன்றும் ஆகாது’ என்று நம்பி வாங்கியது. உதிர்ந்த மூலை முழுக்க வெளிமரம்.

இதோடு திரும்ப விற்பதையும் சேர்த்துப் பாருங்கள். பித்தளைப் பலகை உடைந்தே போனாலும் எடைக்கு ஒரு விலை உண்டு. போலி என்று தெரிந்த என் முதல் பலகைக்குக்கூட உலோகத்தின் விலை இருக்கிறது. உளுத்த மரக்கட்டைக்கு அடுப்பு விலைகூடக் கிடையாது. நல்ல நிலையில் இருக்கும் மரக்கட்டைக்கும் ஆள் தேடவேண்டும், தேய்மானத்தைப் பார்க்கத் தெரிந்தவர்தான் வாங்குவார். நான் இதுவரை ஒன்றே ஒன்றுதான் விற்றிருக்கிறேன், வாங்கிய விலைக்கே. அதை வைத்துக்கொண்டு சந்தை நிலவரம் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஆக, வேலை விஷயமாக அடிக்கடி ஊர் மாறுகிறவர், வருடத்தில் பாதி நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர், வீட்டில் ஃப்ரீசருக்கு அனுமதி கிடைக்காதவர், இவர்களெல்லாம் பித்தளை வாங்கலாம். குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள், அத்தை வரும்போது ஒளித்துவையுங்கள். மற்றவர்கள் மரத்துக்கு வாருங்கள், ஆனால் ஒரே சமயத்தில் ஒன்றுதான் வாங்குங்கள். அதை அலமாரிக்குள் ஏற்றிய பிறகே அடுத்தது.

போன வாரம் ஒரு ஈட்டிக்கட்டை வாங்கினேன், மடிக்கிற வகை, கீலுக்குப் பதில் மர முளை. ஓரத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன, உள்ளே கறுப்பாகத்தான் தெரிகின்றன. மாடி அறையில் கறுப்புத் தாள் மேல் கிடக்கிறது. இன்று ஒன்பதாவது நாள். காலையில் தட்டிப் பார்த்தேன், தாளில் இதுவரை ஒன்றும் விழவில்லை.