ஜான்ஸ்டன் கேன்யனுக்கு கஹ்தூலா மைக்ரோஸ்பைக்ஸ்: வாங்கலாமா, வாடகை போதுமா?

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் உறைந்த அருவி பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள், கோட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசிகூட காலுக்குக் கொடுப்பதில்லை. அங்குள்ள ஜான்ஸ்டன் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்கில், நடைபாதை தொடக்கத்திலிருந்து கீழ் அருவி 1.2 கி.மீ., மேல் அருவி 2.5 கி.மீ. மொத்த ஏற்றமே 120 மீட்டர்தான். கோடையில் பாட்டி தாத்தாகூட நடந்துவிடுவார்கள். குளிர்காலத்தில் ஆயிரம் பேர் மிதித்து இறுகிய பனி, லேசாக இளகி, இரவில் மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். பள்ளத்துக்குள் வெயில் இறங்குவதே அபூர்வம். நல்ல ஸ்னோ பூட் புதுப்பனியைப் பிடிக்கும், இந்தக் கண்ணாடியைப் பிடிக்காது.

அதற்குத்தான் கஹ்தூலா நிறுவனத்தின் மைக்ரோஸ்பைக்ஸ், பூட்டின் அடியில் ஐஸைக் குத்திப் பிடிக்கும் முட்கள். ஒரு காலுக்கு 12 எஃகு முட்கள், ஒவ்வொன்றும் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. சங்கிலியில் கோத்து, இழுபடும் ரப்பர் பட்டையோடு பூட்டின்மேல் மாட்டுவது. மலிவான கம்பிச்சுருள் வகை சமமான நடைபாதைக்குச் சரி. ஆனால் மேல் அருவியிலிருந்து இறங்கும்போது சுருள் உருளுகிறது, முள் குத்தி நிற்கிறது. வித்தியாசம் முழுக்க அந்த இறக்கத்தில்தான்.

அளவை வழக்கமான ஷூ நம்பரை வைத்து எடுக்காதீர்கள். ஸ்னோ பூட் தடிமன் என்பதால் பெரும்பாலும் ஒரு சைஸ் கூடத் தேவைப்படும். தொளதொளவென்றிருந்தால் பட்டை பக்கவாட்டில் திரும்பி, முட்கள் பூட்டின் ஓரத்துக்கு வந்துவிடும். வழியில் நின்று நின்று சரிசெய்பவர்கள் எல்லாம் இந்தக் கட்சிதான். முதலில் முன்விரலை நுழைத்து, பிறகு குதிகால் பட்டையை இழுத்து ஏற்ற வேண்டும். காருக்குள்ளேயே உட்கார்ந்து மாட்டுங்கள். வெளியே போனால் ரப்பரும் விறைக்கும், விரலும் விறைக்கும்.

நடக்கும்போது பாதத்தை முழுதாக, தட்டையாக வைக்க வேண்டும், கால்களைக் கொஞ்சம் அகட்டியும். இல்லையென்றால் ஒரு காலின் முள் மறு காலின் பேண்ட்டில் மாட்டிக் குப்புறத் தள்ளும். பனி இல்லாத கான்கிரீட்டிலும் பாறையிலும் முள் வழுக்கும், மழுங்கவும் செய்யும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய ஈரப்பனி அடியில் உருண்டையாக ஒட்டிக்கொண்டால் முள் தரையைத் தொடாது. அவ்வப்போது காலைத் தட்டி உதிர்க்க வேண்டும்.

குறை குழந்தைகள் விஷயத்தில். மிகச் சிறிய அளவான எக்ஸ்எஸ்ஸும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான்; அதற்கும் சின்னப் பாதத்தில் நிற்காது. அந்தச் சின்னக் குழந்தைகளை முதுகில் சுமக்கும் கேரியரே நல்லது. ஸ்ட்ரோலரை மறந்துவிடுங்கள். கீழ் அருவியில் பாறையைக் குடைந்த சின்னச் சுரங்கம் வழியாக அருவியை முகத்துக்கு முகம் பார்க்கலாம். தரை முழுக்க ஐஸ், கூரை தாழ்வு. கேரியரோடு நுழைந்தால் இடிபடுவது பிள்ளையின் தலை.

மேல் அருவியில் ஐஸ் சுவரில் ஏறுபவர்களைப் பார்த்து யாருக்காவது ஆசை வந்தால், அவர்கள் காலில் இருப்பது கிராம்பான், அதாவது ஐஸ் ஏறுவதற்கான நீண்ட முள் சட்டம், இது அல்ல. பாதையைத் தாண்டிய சரிவுக்கு மைக்ரோஸ்பைக்ஸ் போதாது.

குளிர்காலத்தில் ஒரே ஒரு முறை போகிறவர்கள் வாங்க வேண்டாம். பான்ஃப் ஊரிலேயே கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். கேன்யன் அங்கிருந்து 25 கி.மீ. என்பதால் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள், பூட்டைக் காலில் போட்டபடியே அளவு பாருங்கள். சொந்தமாக வைத்திருந்தால் திரும்பியதும் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்தால் எஃகிலும் துருப் புள்ளி வரும்.