பழம் பறிக்க எந்தப் பிடி: மீன் துடுப்பா, ஆக்டோபஸா, பல்லிக் காலா?

பழம் பறிக்கும் ரோபோ என்றதும் எல்லோரும் கேட்பது, "நசுக்காமல் பிடிக்குமா?" என்றுதான். பிடித்த பழத்தைக் காம்பிலிருந்து எப்படிப் பிரிக்கிறது என்பதையும் நான் கேட்பேன். பல பிடிகள் சறுக்குவது அங்கேதான்.

மீன் துடுப்பை விரலால் பக்கவாட்டில் அழுத்தினால் அது விலகிப் போகாமல் விரலை நோக்கியே வளையும். ஜெர்மனியின் லீஃப் க்னீசே 1997இல் கவனித்த இந்தக் குணத்திலிருந்து வந்ததுதான் ஃபின் ரே விரல். நீண்ட முக்கோண வடிவம்; இரண்டு பட்டைகள் நுனியில் சேர, நடுவே ஏணிப்படிபோலக் குறுக்குச் சட்டங்கள். பழம் படும் இடத்தில் பட்டை உள்வாங்கும், நுனி தானாக வந்து பழத்தை அணைத்துக்கொள்ளும். விரலுக்குள் மோட்டாரும் கிடையாது, காற்றுக்குழாயும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. ஆனால் குறுக்குச் சட்டம் தடித்துவிட்டால் அது முட்டும் இடத்தில் மட்டும் அழுத்தம் குவியும். விரல் மெலிந்துவிட்டாலோ, பழத்தைத் திருகும்போது விரலும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அப்புறம், பழத்தைச் சுற்றி விரல் நுழைய இடமும் வேண்டும். கொத்தாகக் காய்ப்பவற்றில் அது கிடைக்காது.

அங்கே ஆக்டோபஸ் முந்துகிறது. அதன் உறிஞ்சியின் மெல்லிய விளிம்பு பரப்போடு ஒட்டிப் படிந்து காற்றை அடைக்கிறது, உள்ளறை அழுத்தத்தைக் குறைக்கிறது. அதே போன்ற ரப்பர்க் கிண்ணத்துக்குப் பழத்தின் முன்பக்கம் மட்டும் கிடைத்தால் போதும். 4 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தில் காற்றழுத்தத்தைப் பாதியாக்கினால் சுமார் 60 நியூட்டன் விசை கிடைக்கும்; அதாவது 6 கிலோ எடையைத் தாங்கும். ஆப்பிளுக்கு இது தாராளம். ஆனால் நடுவில் ஓர் இலை சிக்கினாலே காற்று கசிந்து பிடி விட்டுவிடும். தக்காளி போன்ற மெல்லிய தோலில் கிண்ணம் வட்டத் தழும்பு பதித்துவிடுமோ என்ற கவலையும் உண்டு.

பல்லிக் கால் ஆய்வகத்தில் அசத்துகிறது: நுண்மயிர்கள் மூலக்கூறு ஈர்ப்பால் ஒட்டுவதால் இறுக்கி அழுத்த வேண்டாம். ஆனால் திராட்சையின் மேல் வெண்பூச்சு, பீச்சின் மேல் ரோமம், தோட்டத்தில் தூசு, காலையில் பனி. பறிப்பதற்கு இது வேண்டாம் என்பேன்.

ஆக, தக்காளிக்கு என் தேர்வு துடுப்பு விரல். காம்பில் ஒரு கணு இருக்கிறது. பிடித்து மடக்கினால் அங்கேயே ஒடியும். நெருக்கமான கொத்துக்கு இரண்டையும் சேர்ப்பேன்: உறிஞ்சி பழத்தைச் சற்று வெளியே இழுத்துத் தரட்டும், விரல்கள் அதன்பின் மூடட்டும். ஸ்ட்ராபெர்ரியைத் தொடவே வேண்டாம். காம்பைப் பிடித்து அதையே நறுக்கிவிடலாம்.

பிளாக்பெர்ரிக்கு அந்த வழியும் இல்லை, பழத்தைத் தொட்டுத்தான் இழுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் பறித்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. குளிரறையில் வைத்தபின் கறுப்பு மணிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு சிவந்து நிற்கும். அதனால் அந்தப் பழத்துக்கு மட்டும் எந்த வடிவ விரலானாலும் நுனியில் அழுத்த உணரி இல்லாமல் ஏற்க மாட்டேன்.