கிணற்றுத் தண்ணீரா, பற்றரித் தண்ணீரா? கல்லடியில் இசைத்தட்டுக் கழுவுதல்

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே ஆணி துருப்பிடிப்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் அலுமாரிக்குள் கடதாசி உறையோடு வைத்திருந்த இசைத்தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை ஏறியிருப்பதைக் கண்ட அன்று எனக்கு மனம் பதறிவிட்டது. அப்பா ஒலிபெருக்கிச் சேவை நடத்திய காலத்துத் தட்டுகள் அவை. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய் வந்தவை. மணல், ஊதுபத்திப் புகை, பல பேருடைய கைரேகை எல்லாம் ஊசி ஓடும் அந்தப் பள்ளங்களுக்குள் இருக்கின்றன.

எப்படிக் கழுவுவது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். இரண்டு வருடமாக, கைக்கு எட்டிய வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மற்ற ஊர்க்காரர் எழுதும் ஒப்பீடுகளில் நம் தண்ணீரும் நம் காற்றும் கணக்கில் வருவதில்லை. இங்கே விடையை மாற்றுவது அவை இரண்டும்தான்.

தண்ணீரைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தட்டு வைனில் என்ற பிளாஸ்டிக்கா, அரக்கா என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்பி என்ற பெரிய வைனில் தட்டு 1948இலும் 45 சுற்றுச் சின்னத் தட்டு 1949இலும் அமெரிக்காவில் வந்துவிட்டாலும், இந்தியாவில் 1960களிலும் 78 சுற்று அரக்குத் தட்டுகள் அச்சாகின. அதனால் பழைய பெட்டிகளில் இரண்டும் கலந்தே கிடக்கும். அரக்குத் தட்டு பாரமானது, தடித்தது, விழுந்தால் பீங்கான்போல உடையும். லேபலில் 78 என்று இருந்தால் அரக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில், அதாவது அற்ககோலில், கரைத்துத்தான் மரத்துக்குப் பொலிஷ் போடுகிறார்கள். அதே ஸ்பிரிட் இந்தத் தட்டையும் கரைக்கும். என் பெட்டியில் ஒரு 78 தட்டு இப்படித்தான் போனது. ஒரு தடவை துடைத்ததும் பஞ்சில் கறுப்பு ஒட்டியது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டேன், வந்தது தட்டு.

சரி, வைனிலுக்கு வருவோம்.

கார்பன் பைபர் பிரஷ்ஷால் உலர்வாகத் துடைப்பதைக் கழுவுவதற்குப் போட்டியாக வைப்பவர்கள் உண்டு. அது போட்டியே இல்லை. ஏற்கெனவே சுத்தமான தட்டில், ஊசி வைப்பதற்கு முன், மேலே விழுந்த தூசியை எடுக்க அது அருமையான சாமான். பூஞ்சைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அது ஒன்றும் செய்யாது, அவற்றைப் பள்ளத்தோடு இழுத்துக்கொண்டு போகும். 20 நிமிடம் ஓடும் ஒரு எல்பிப் பக்கத்தின் பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் 400 மீற்றரைத் தாண்டும். அகலமோ ஒரு தலைமயிர் அளவு. அவ்வளவு நீளத்துக்கு ஒட்டிய பிசுக்கை ஈரம் இல்லாமல் எடுக்க முடியாது.

ஈரமாகக் கழுவுவதில் மூன்று வழிகளைத்தான் உண்மையாக எதிரெதிரே வைக்கலாம்: சவர்க்காரத் தண்ணீர், அற்ககோல் கலவை, மரப்பசை.

மரப்பசை விஷயம் பார்க்க மிக அழகானது. மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையைத் தட்டின் மேல் தடிப்பாகப் பூசி, காய்ந்ததும் தோலாக உரித்து எடுப்பது. அது வைனிலில் பிடிக்காது, அழுக்கைப் பிடித்துக்கொண்டு வரும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் செய்தேன். அடுத்த நாள் ஒரே இழுப்பில் முழுத் தோலும் கழன்றது, தட்டு புதிதுபோல மினுங்கியது. அதையே மார்கழியில் செய்தபோது மூன்றாம் நாளும் நடுவில் ஈரம். பொறுக்காமல் உரித்தேன், துண்டு துண்டாக வந்தது. பள்ளத்தில் மிஞ்சிய பசையை எடுக்க இன்னும் ஒரு முறை பூச வேண்டியதாயிற்று. மாரி காலத்தில் இந்த ஊரில் இதைத் தொடாதீர்கள். அரக்குத் தட்டில் எந்தக் காலத்திலும் வேண்டாம். ஒரு போத்தல் பசை சில தட்டுகளுக்குத்தான் காணும் என்பதால் செலவும் கூட. விரல் ரேகை ஆழமாக உறைந்துபோன, மனதுக்கு மிக நெருக்கமான ஒன்றிரண்டு தட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அற்ககோலின் பலம் பூஞ்சையிடம் தெரியும். ஐசோபுரொப்பைல் அற்ககோலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சுத்தமான தண்ணீரில் கலந்து, பூசி, ஒரு நிமிடத்துக்குள் துடைத்தெடுத்தால் பூஞ்சை சவர்க்காரத்தைவிட வேகமாகக் கழன்று வருகிறது. சீக்கிரம் காய்வது நம் ஈரக் காற்றில் பெரிய உதவி. ஆனால் பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று தருவதை அதற்குப் பதிலாக வாங்கக் கூடாது. சிலவற்றில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருக்கும், அது பள்ளத்தில் படலமாகத் தங்கும். வைனிலுக்கும் அற்ககோல் வேண்டாம் என்று சொல்லும் ஆவணக் காப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை மதித்து, பூஞ்சை உள்ள தட்டுக்கு ஒரே ஒரு தடவை என்று நிறுத்திக்கொண்டேன்.

மிச்சம் எல்லாத் தட்டுக்கும் என் தெரிவு சவர்க்காரத் தண்ணீர்தான். சவர்க்காரம் என்றால் குளிக்கும் கட்டியும் இல்லை, துணி தோய்க்கும் தூளும் இல்லை. வாசனையும் கைக்கு மென்மை தரும் எண்ணெயும் சேராத பாத்திரம் கழுவும் திரவம், ஒரு லீற்றருக்கு இரண்டு மூன்று துளி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தட்டுகளுக்குப் பரிந்துரைப்பதும் இதே தத்துவம்தான்: டெர்ஜிட்டோல் என்ற மென்மையான கழுவுபொருளைச் சிறிதளவு, அயன் நீக்கிய, அதாவது கரைந்த உப்புகளை எடுத்துவிட்ட, தண்ணீரில். மட்டக்களப்புக் கடைகளில் நான் தேடிய வரையில் அது கிடைக்கவில்லை. இரண்டு துளி பாத்திரத் திரவம் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது, நன்றாக அலசினால்.

அலசினால் என்ற இடத்தில்தான் நான் முதல் வருடம் முழுவதும் தோற்றேன். கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். நம் கரையோரக் கிணறுகளில் கோடை ஏற ஏற உவர்ப்பும் ஏறும். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு பள்ளத்துக்குள்ளும் படிகிறது. கழுவிய தட்டு ஓடும்போது கழுவாததைவிடக் கூடுதலாகப் பொரிபொரியென்று சத்தம் போட்டது. ஊசி தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புது ஊசிகூட வாங்கினேன். குழாய்த் தண்ணீர் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் காய்ந்த பிறகு பொட்டுகள் நிற்கும். ஏசியில் வடியும் தண்ணீரைச் சிலர் சொல்கிறார்கள், அது ஏசிக்குள் இருக்கும் தூசியையும் பாசியையும் தடவிக்கொண்டு வருவது. மழைத்தண்ணீர் மென்மையானது, ஆனால் ஓட்டில் விழுந்து பீலி வழியாக வந்தால் அதே கதைதான்.

பற்றரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. கழுவுவதைக் குழாய்த் தண்ணீரில் செய்து, கடைசி அலசலை மட்டும் இதில் செய்தால் ஒரு போத்தல் பல தட்டுக்குக் காணும். வாங்கும்போது போத்தலை வாசித்து வாங்குங்கள், பக்கத்தில் பற்றரி அசிட்டும் நிற்கும். தட்டுக் கழுவும் மெஷினுக்குக் காசு சேர்ப்பவர்களிடம் முதலில் இந்தத் தண்ணீரை வாங்கச் சொல்வேன்.

மெஷின் என்றதும் ஸ்பின் கிளீன் போன்ற தொட்டிகளைச் சொல்ல வேண்டும். இரண்டு பிரஷ்ஷுக்கு இடையே தட்டைக் கையால் சுற்றுவது. இரண்டு பக்கமும் ஒரே நேரம் கழுவுப்படும், லேபல் நனையாது. நிறையத் தட்டு இருப்பவருக்கு வேலை பாதியாகும். ஆனால் பத்துத் தட்டுக்குப் பிறகு அதே அழுக்குத் தண்ணீர்தான் சுற்றுகிறது, தனியாக அலசத்தான் வேண்டும். உறிஞ்சும் மெஷின் அழுக்கையும் ஈரத்தையும் ஒன்றாக இழுத்துவிடுவதால் நம் காலநிலைக்கு அதுவே மிகப் பொருத்தம் என்று நம்புகிறேன், விலைதான் எட்டவில்லை. கேளா ஒலியால் கழுவும் நல்ல மெஷின்களுக்கு ஆயிரக்கணக்கில் டொலர் வேண்டும்.

காய வைப்பதில் ஒரு தவறு எல்லாரும் செய்கிறோம்: மின்விசிறிக்குக் கீழே வைப்பது. மேலே இருக்கும் தூசியும் கடற்கரை மணலும் ஈரத் தட்டில் வந்து ஒட்டும். மைக்ரோபைபர் துணியால் வட்டமாக ஒற்றி எடுத்து, கழுவிய கோப்பைகளை அடுக்கும் ராக்கையில் நிமிர்த்தி, கதவு பூட்டிய அறையில் விட்டால் போதும். வெயிலில் வைத்தால் தட்டு நெளிந்துவிடும்.

அப்புறம் உறை. பூஞ்சை பிடித்த பழைய கடதாசி உறைக்குள் கழுவிய தட்டைத் திரும்பப் போடுவது, குளித்துவிட்டு அழுக்கு உடுப்பை மாட்டுவது மாதிரி. பொலித்தீன் உள்ளுறை நல்லது. மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருள் தட்டில் மங்கலான படலமாக ஏறும். படம் போட்ட வெளியுறையை எறிய வேண்டியதில்லை, துடைத்து, தட்டை அதற்குள் வைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தட்டுகளை நிமிர்த்தி அடுக்கி, அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அதன் அடி அடுக்கை வெறுமையாக விட்டிருக்கிறேன், வெள்ளம் வீட்டுக்குள் வரும் ஊர் இது.

அப்பாவின் பெட்டியில் சில தட்டுகள் எத்தனை முறை கழுவியும் உரத்த இடங்களில் கரகரக்கின்றன. அது அழுக்கு இல்லை. அந்தக் காலத்துப் பாரமான ஊசி அரைத்த தேய்மானம். அவற்றையும் கழுவி, புது உறையில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். இன்னும் பதினொரு தட்டு மிச்சம் இருக்கிறது, ஐப்பசி மழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும்.