ஏர் பிஸ்டலின் ட்ரிகரை லேசாக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கும் முன்

நுவரெலியாப் பக்கம் நாங்கள் பிள்ளைகளுக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழக்குகிறோம். கழகத்தில் இருக்கிற நல்ல பிஸ்டலைக் கண்டியில் ஏர் கன் பழுதுபார்க்கும் ஒரு பாஸ் பாழாக்கிவிட்டார். பதுளை, பண்டாரவளையில் இருந்தும் அவரிடம் கொண்டுபோகிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பிஸ்டலில் இருந்த குறை சின்னது. ட்ரிகரை இழுத்தால் முதல் கட்டம், அதாவது லேசாக வரும் தொடக்க இழுப்பு, தாண்டியதும் சரசரவென்று உரசும். இலக்கின் பத்து வளையம் 11.5 மில்லிமீட்டர்தான், உரசினால் கை அசையும், சூடு விலகும். இங்கத்தைய குளிரிலும் ஈரத்திலும் பழைய கிரீஸ் இறுகி, தூசியோடு சேர்ந்திருக்கும் என்று அப்போதே சந்தேகம் இருந்தது. பிரித்துத் துடைத்து, கம்பெனி வைத்த ஸ்க்ரூக்களைச் சரிபார்த்தால் போதும் என்று பாஸிடம் சொன்னேன்.

அவர் கேட்கவில்லை. "தம்பி, இது பழைய சாமான். வெளிநாட்டு ட்ரிகர் செட் ஒன்று வந்திருக்கு, போட்டா பட்டு மாதிரி இழுக்கும்" என்றார். ஸ்பிரிங், சியர் (ட்ரிகரை இழுக்கும்வரை சுடும் பொறியைப் பிடித்து வைக்கும் கொக்கி), ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். "500 கிராம் குறையக் கூடாது அண்ணே, போட்டி விதி" என்று அழுத்திச் சொன்னேன். கேஜ் வைத்து அளந்தே தருவேன் என்றார்.

உலகப் போட்டி விதிப்படி 10 மீட்டர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். குழாயை நிமிர்த்திப் பிடித்து, 500 கிராம் எடைக்கல்லை ட்ரிகரில் மாட்டி மெதுவாகத் தூக்குவார்கள். கல் மேலே எழும்ப வேண்டும், ட்ரிகர் விட்டுவிடக் கூடாது.

திரும்பி வந்த பிஸ்டல் உண்மையிலேயே மெதுவாக இழுத்தது. பழகிக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி பெலட்டை (சின்ன ஈயக் குண்டை) வைத்து லீவரை மூடினாள். விரல் ட்ரிகர் பக்கமே போகவில்லை, பிஸ்டல் தானாகச் சுட்டுவிட்டது. குழாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பதால் பெலட் சுவரோடு போயிற்று. பிள்ளையின் கை நடுங்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உடனே பெலட் இல்லாமல் எடைக்கல்லை மாட்டிப் பார்த்தோம். கல் மேசையை விட்டு எழும்புவதற்குள் டக்கென்று விட்டது. 300 கிராம் கல்லையும் தூக்கவில்லை.

கழற்றிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. வெளிநாட்டு ஸ்பிரிங் என்றது ஏதோ ஒரு ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் கட்டரால் வெட்டியது, வெட்டுமுனை கூராக அப்படியே நின்றது. சியரின் விளிம்பில் குறுக்கே அரக்கோடுகள், லென்ஸ் வைக்காமலே தெரிந்தன. பல சியர்களில் மேற்பரப்பில்தான் கடினமாக்கிய உலோகம் மெல்லிய தோலாக இருக்கும். அதை அராவினால் உள்ளே இருக்கும் மெது இரும்பு தேயத் தொடங்கும், பிடிப்பு நாளுக்கு நாள் குறையும். இன்றைக்கு 500 நின்றாலும் அடுத்த கிழமை நிற்காது. லீவரை மூடும் அதிர்ச்சியே பிடிப்பை விடுவிக்கப் போதும்.

பழைய பாகங்களைக் கேட்டேன், எறிந்துவிட்டேன் என்றார். செட்டின் பெட்டியோ தயாரித்தவர் பெயரோ கிடையாது, பில்லும் தரவில்லை. "லேசா வேணும்னு நீங்கதானே தம்பி கேட்டீங்க" என்று என் மீதே திருப்பினார். காசும் வரவில்லை. அசல் சியரை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க இப்போது கழகம் பணம் சேர்க்கிறது, அதுவரை அந்தப் பிஸ்டல் பெட்டியில் பூட்டிக் கிடக்கும்.

வேறு யாரிடமாவது கொடுப்பதென்றாலும் பழைய பாகங்களைப் பொதியில் கட்டித் திருப்பித் தரச் சொல்லுங்கள். எடைக்கல்லை நீங்களே கொண்டுபோய், அவர் முன்னாலேயே மாட்டிப் பாருங்கள். சியரில் அரம் வைப்பேன் என்றால் பிஸ்டலை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பெரும்பாலும் கனமாகத் தெரிவது எடையால் அல்ல, உரசலாலும் நீண்ட இழுப்பாலும்தான், துடைத்து, கம்பெனி ஸ்க்ரூவைச் சரிபார்த்தாலே அது சரியாகும்.

அவரிடம் ஏற்கெனவே வேலை செய்வித்தவர்கள் பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன், பெலட் இல்லாமல் லீவரைப் பலமுறை மூடிப் பாருங்கள், 500 கிராம் கல்லையும் மாட்டிப் பாருங்கள். ஒரு தடவை தானாக விட்டாலும் அந்தப் பிஸ்டலில் பெலட் போடாதீர்கள்.