பின் தொடரும் நிழலின் குரல்: சங்க அலுவலகத்துக்குள் ஓர் அச்சம்

சர்வாதிகாரத்தைப் பற்றிய நாவல் என்றதும் பலருக்கும் 1949இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’தான் நினைவுக்கு வரும். அதில் அரசு வீட்டுக்குள்ளேயே திரை வைத்து வேவு பார்க்கிறது. அச்சத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது. ஜெயமோகனின் ‘பின் தொடரும் நிழலின் குரல்’ (1999) அந்த அச்சத்தை நம் குமரி மாவட்டத்துத் தொழிற்சங்க அலுவலகத்தில், ஒருவரையொருவர் ‘தோழர்’ என்று அழைத்துக்கொள்ளும் மனிதர்களுக்கு நடுவே காட்டுகிறது. அதனாலேயே இது என்னை அதிகம் கலங்கடித்தது.

தன் ஆசானான கே.கே.எம்.மின் இடத்துக்குத் தொழிற்சங்கத் தலைவராக வரும் அருணாசலம், கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட வீரபத்ரபிள்ளை என்பவரின் சுவடே இல்லாமல் ஆக்கப்பட்டிருப்பதைக் கண்டடைகிறான். அவர் செய்த குற்றம், நிகொலாய் புகாரின் என்ற சோவியத் தலைவரைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. சோவியத் புரட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான புகாரின், ஸ்டாலின் காலத்து விசாரணைக்குப் பின் 1938 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கடைசிக் கடிதத்தை எழுத்தில் வைத்திருக்க அஞ்சிய மனைவி அன்னா லாரினா, அதை மனப்பாடம் செய்து முகாம்களிலும் நாடுகடத்தலிலும் பல ஆண்டுகள் நெஞ்சிலேயே காத்தார். 1988இல்தான் புகாரின் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார்.

மாஸ்கோவில் துப்பாக்கி செய்த வேலையை இங்கே மௌனமே செய்துவிடுகிறது என்பதுதான் இந்நாவலின் ஆழமான கண்டறிதல் என்று நினைக்கிறேன். எவரும் அருணாசலத்தைச் சிறையில் அடைப்பதில்லை. ‘துரோகி’ என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில், உண்மை தெரிந்தவர்களும் பேச்சை மாற்றுகிறார்கள். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் சங்கக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகிய வாசகருக்கு அந்தத் தயக்கமும், அது வெளிப்படும் நம் வட்டாரப் பேச்சும் மிக நெருக்கமாக இருக்கும்.

கடிதம், சிறுகதை, கவிதை, நாடகம் என்று 700 பக்கங்களுக்கு மேல் விரியும் இந்த அமைப்பில் தொய்வும் உண்டு. அருணாசலத்தின் மனச்சிதைவைச் சொல்லும் பகுதிகளைச் சுருக்கியிருக்கலாம். முதல் வாசிப்பில் கவிதைகளைக் கடந்து சென்றாலும் கதை அறுபடாது. புகாரின் வரும் பகுதிகளை மட்டும் அவசரமாகப் புரட்டிவிட வேண்டாம். வீரபத்ரபிள்ளை எதற்காகத் தன்னை அழித்துக்கொண்டார் என்பதை அவற்றின் வழியாகவே உணர முடியும்.